கல்திட்டையும் களிமண்ணும்: தாண்டிக்குடி ஒருநாள் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் இருக்கும் கல்திட்டைகளைக் காலையில் பார்த்துவிட்டு, மதியம் அடிவாரத்தில் ஒரு வேளார் (குயவர்) வீட்டில் உட்கார்ந்து பானை வனையப் பழகுவது: இதுதான் நான் ஆட்களைக் கூட்டிப்போகும் பயணம். ஜீப் அய்யம்பாளையம் தாண்டி முதல் வளைவு ஏறுவதற்குள் பின்சீட்டிலிருந்து கேள்விகள் தொடங்கிவிடும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

கல்திட்டைன்னா என்ன? கோயிலா, வீடா?

இரண்டும் இல்லை. இறந்தவர்களுக்காக எழுப்பிய ஈமச்சின்னம். மூன்று பக்கமோ நான்கு பக்கமோ பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய பலகைக் கல்லை மூடி போட்டால் அது கல்திட்டை. தரைக்கு மேலே, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி நிற்கும். அதே பெட்டியை மண்ணுக்குள் புதைத்திருந்தால் கல்பதுக்கை. சுற்றிலும் உருண்டைக் கற்களை வட்டமாக அடுக்கியிருந்தால் கல்வட்டம். சமவெளியில் பெரிய மண்பானைக்குள் எலும்பை வைத்துப் புதைத்தது முதுமக்கள் தாழி. ஒரே காலத்து மக்கள் இடத்துக்கும் வசதிக்கும் தக்கபடி இவற்றை மாற்றி மாற்றிச் செய்திருக்கிறார்கள்.

சில கல்திட்டைகளின் முன்பலகையில் வட்டமாக ஓர் ஓட்டை இருக்கும். அதற்கு இடுதுளை என்று பெயர். குழந்தைகள் அதைப் பார்த்ததும் ஜன்னல் என்பார்கள். பெரியவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள், கொஞ்சம் தயங்கிவிட்டு.

குள்ள மனுசங்க வாழ்ந்த வீடுன்னு எங்க பாட்டி சொல்வாங்களே, அது பொய்யா?

தமிழ்நாட்டில் பல ஊர்களில் இந்தக் கதை உண்டு. குள்ளர் வீடு என்பார்கள், பாண்டவர் வனவாசத்தில் தங்கிய இடம் என்பார்கள். உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது, வாசல் போல ஓட்டை வேறு இருக்கிறது. பார்க்கிறவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பல கல்திட்டைகள் காற்று அடிக்கிற மொட்டைப் பாறையின் மேல் நிற்கின்றன. பக்கத்தில் தண்ணீர் இல்லை, அடுப்புக் கரி இல்லை. இந்த மாதிரி இடங்களில் தோண்டிய ஆய்வுகளில் கிடைப்பது எலும்புத் துண்டு, சடங்குக்கு வைத்த கலங்கள், மணிகள், இரும்புக் கருவிகள். உயிரோடு இருந்தவர்கள் தண்ணீர் பக்கம் மண்ணும் ஓலையுமாக வீடு கட்டிக்கொண்டார்கள், அது கரைந்து போய்விட்டது. செத்தவர்களுக்குக் கட்டியது நின்றுவிட்டது.

இதை யாராவது முறையா ஆராய்ச்சி பண்ணியிருக்காங்களா, இல்ல நீங்களே சொல்றதா?

நான் சொல்வது கடன் வாங்கிய அறிவுதான். செண்பகனூரில் இருந்த இயேசு சபைப் பாதிரியார்கள் ஆங்கிலாதேவும் நியூட்டனும் பழனி மலைக் கல்திட்டைகளை நடந்து நடந்து பார்த்து அளந்தார்கள். அவர்கள் எழுதியதை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் தன் நினைவேடு வரிசையில் 36-வதாக வெளியிட்டது. சாலை இல்லாத காலத்தில் இந்தச் சரிவுகளில் ஏறி அளவு எடுத்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் கால் வலிக்கும். 1895-இல் தொடங்கிய செண்பகனூர் அருங்காட்சியகம் இன்றும் இருக்கிறது. கொடைக்கானலில் தங்குபவர்கள் அதைத் தனியாகப் போய்ப் பாருங்கள்.

பிறகு பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் தாண்டிக்குடியில் அகழாய்வு செய்தார்கள். அதே குழுதான் 2009, 2010 ஆண்டுகளில் பழனிக்குத் தென்மேற்கே சுமார் 12 கி.மீ. தொலைவில், மலையடிவாரத்தில் இருக்கும் பொருந்தலிலும் தோண்டியது. அதைப் பற்றி இன்னும் இரண்டு இடத்தில் சொல்ல வேண்டியிருக்கும், பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்புவோம்?

காலை ஆறரைக்கு வத்தலக்குண்டில் கூடுவோம். பட்டிவீரன்பட்டி, அய்யம்பாளையம், பெரும்பாறை வழியாக மேலே ஏறுவோம். கொடைக்கானலில் தங்கியிருப்பவர்கள் பண்ணைக்காடு வழியாக நேராகத் தாண்டிக்குடிக்கு வந்துவிடலாம். பதினொன்றரை வரை கற்கள், அப்புறம் சாப்பாடு, இறக்கம். இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை சக்கரம்.

காலையில் கல்லைப் பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மதியத்துக்கு மேல் மஞ்சு ஏறிவிட்டால் பத்தடி தள்ளி நிற்கும் கல்திட்டை கூடத் தெரியாது. சாய்ந்து விழும் காலை வெயிலில்தான் பலகைக் கல்லில் உள்ள கொத்து வேலையும் நன்றாகத் தெரியும்.

எவ்வளவு ஆகும்?

ஜீப் வாடகை டீசலோடு ஏறி இறங்குவதால் தொகையை இங்கே எழுதுவதில்லை. ஜீப் பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வோம். வேளார் வீட்டுக்கு உரியதை என் கையில் தர வேண்டாம். மாலையில் நீங்களே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

பானை செய்யுறதையும் மலை மேலயே வெச்சா என்ன? எதுக்கு இறங்கணும்?

மண் அங்கே இல்லை, அதனால்தான். மேலே இருப்பது காபிக்கும் மிளகுக்கும் மலைவாழைக்கும் ஏற்ற மண். வனையும் மண் வேறு. கண்மாயிலும் குளத்திலும் வருஷக்கணக்காகப் படிந்த வண்டல், கையில் உருட்டிக் கயிறு போலத் திரித்து விரலில் சுற்றினால் வெடிக்காமல் வளைய வேண்டும். அதோடு கொஞ்சம் மணல் சேர்த்து, கல்லும் வேரும் பொறுக்கி, காலால் மிதித்து மிதித்துப் பதப்படுத்துவார்கள். நீங்கள் வருவதற்கு முந்தின நாளே அந்த வேலை முடிந்திருக்கும். பானை செய்வதில் பாதி வேலை அந்த மிதிதான், அதை யாரும் படம் எடுப்பதில்லை.

செத்தவங்க இடத்துக்குப் போயிட்டு அப்படியே இன்னொருத்தர் வீட்டுக்குள்ள போகலாமா? தீட்டு இல்லையா? குழந்தைகள் வேற வர்றாங்க.

நியாயமான கேள்வி. இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். மேலேயிருந்து இறங்கும்போது கால் கை கழுவ ஓடைப் பக்கம் நிறுத்துவோம், விருப்பம் உள்ளவர்கள் தலையில் தண்ணீர் தெளித்துக்கொள்வார்கள். குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. அவர்களுக்குப் பாறையில் வழுக்கி விழும் ஆபத்துதான் உண்மையான ஆபத்து.

இதையே நான் வேளார் ஐயாவிடம் முதல் தடவை தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சக்கரத்தை நிறுத்தவே இல்லை. “கல்யாணத்துக்கு அரசாணிப் பானையும் நாங்கதான் குடுக்கிறோம், கொள்ளிக்குடமும் நாங்கதான் குடுக்கிறோம். எங்களுக்கு எது தம்பி தீட்டு?” என்றார். புறநானூற்றின் 256-வது பாட்டும் இதைத்தான் காட்டுகிறது. கணவனை இழந்த ஒரு பெண், அவனோடு தன்னையும் சேர்த்து வைக்கும் அளவுக்குத் தாழியை அகலமாக வனையச் சொல்லிக் குயவரிடம் கேட்கிறாள். ஈமத்தாழி செய்தவரும் சோற்றுப்பானை செய்தவரும் ஒருவர்தான். காலையில் கல்லும் மாலையில் களிமண்ணும் என்று நான் பயணத்தை அமைத்ததற்கு அந்தப் பாட்டும் ஒரு காரணம்.

கல்திட்டைக்கு எத்தனை வயசு? இரண்டாயிரமா, ஐயாயிரமா?

கல்லை வைத்து வயது பார்த்தால் பாறையின் வயதுதான் வரும், அது பல கோடி ஆண்டு. அதை எப்போது நிறுத்தினார்கள் என்பதை அறிய, உள்ளே கரியோ தானியமோ எலும்போ கலையாமல் கிடைக்க வேண்டும். மொட்டைப் பாறையில் நிற்கும் கல்திட்டைக்குள் மழைத் தண்ணீர் எத்தனையோ நூற்றாண்டாக ஓடியிருக்கிறது. அதனால் கூடவே கிடைக்கும் பானை வகையை வைத்தும், மற்ற இடங்களோடு ஒப்பிட்டும் பொதுவாகச் சொல்கிறார்கள்: இரும்புக்காலமும் அதையொட்டி வந்த சங்ககாலமும். கி.மு. முதல் ஆயிரம் ஆண்டு என்று மனதில் வைத்துக்கொண்டால் பெரிய தவறு இல்லை.

கலையாமல் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பொருந்தல் ஒரு சாட்சி. அங்கே ஒரு கல்லறைக்குள் நான்கு கால் வைத்த சாடி ஒன்று, அதனுள் சுமார் 2 கிலோ நெல். அந்த நெல்லை அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் காலக்கணிப்பு செய்தபோது கி.மு. 490 என்று வந்தது. அதே கல்லறையில் பானை தாங்கும் வளையம் ஒன்றில் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்தில் ‘வய்ர’ என்று கீறியிருந்தது. செத்தவருக்குச் சோற்றுக்கு நெல்லும் வைத்து, பெயரும் எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

அப்ப பொருந்தலையும் இதே நாள்ல பார்த்துடலாமே?

முடியாது. அது மலையின் மறுபக்கம், பழனிப் பக்கம். போனாலும் ஏமாந்துதான் திரும்புவீர்கள். அகழாய்வுக் குழிகளைத் தோண்டி முடித்ததும் மூடிவிடுவது வழக்கம். பார்ப்பதற்கு வயல்தான் இருக்கும்.

அவ்வளவு பெரிய கல்லை எப்படித் தூக்கினாங்க?

தூக்கியதைவிட உரித்ததுதான் சாமர்த்தியம். இந்த மலைப் பாறைகள் வெயிலிலும் குளிரிலும் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காகப் பிரியும் குணம் உள்ளவை. மேலே விறகு போட்டு எரித்துத் தண்ணீர் ஊற்றினால் பலகை பிரிந்துவரும். தென்னிந்தியக் கல் உடைப்பவர்கள் அண்மைக்காலம் வரை இப்படித்தான் செய்தார்கள். பாறை மேலேயே கல்திட்டை இருக்கிறது என்றால், பலகை உரித்த இடம் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். அப்புறம் நெம்புகோல், மண் சரிவு, உருளைக் கட்டை, நிறைய ஆட்கள். ஆட்கள்தான் முக்கியம். ஒரு சாவுக்கு ஊரே கூடியிருந்தால்தான் அந்த மூடிக்கல் ஏறும்.

கீழே கிடக்கிற பானை ஓடு ஒண்ணு எடுத்துக்கலாமா? சின்னதுதான்.

கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் கொஞ்சம் கறாரானவன். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதுக்கு மேற்பட்ட பொருள் தொல்பொருள் ஆகலாம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் வேறொரு சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். சட்டத்தை விடுங்கள். அந்த ஓடு கிடக்கிற இடம்தான் அதன் சேதி. உங்கள் வீட்டு அலமாரியில் அது வெறும் ஓடு.

பார்க்கலாம், படம் எடுக்கலாம், குனிந்து மோந்துகூடப் பார்க்கலாம். உடைந்த ஓரத்தைக் கவனியுங்கள்: வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு, நடுவில் சாம்பல் நிறம். இதைப் பார்த்துவைத்துக்கொண்டால் மாலையில் பயன்படும்.

உள்ள புதையல் இருக்குமாமே?

இருக்கும் என்று நம்பித் தோண்டியவர்கள்தான் பாதிக் கல்திட்டைகளைச் சாய்த்தவர்கள். மேலே ‘வய்ர’ (வைரம்) என்று ஒரு சொல் சொன்னேன், அது பானை தாங்கும் வளையத்தில் கீறிய பெயர்தான், கல் இல்லை. கிடைப்பவற்றில் கண்ணைப் பறிப்பது சிவப்புச் சூதுபவள மணிகளும் கண்ணாடி மணிகளும்தான். அவை ஆய்வாளர் கையில் வரலாறு, திருடியவர் கையில் பாசிமணி.

பானை வெளிய சிவப்பு, உள்ள கறுப்புன்னு சொன்னீங்களே, ரெண்டு பெயின்ட் அடிச்சாங்களா?

பெயின்ட் கிடையாது, எல்லாம் நெருப்பின் வேலை. களிமண்ணில் இரும்பு உண்டு. சூளையில் காற்று தாராளமாகப் பட்டால் சிவக்கும், காற்றில்லாமல் புகையில் வெந்தால் கறுக்கும். பானையைக் கவிழ்த்து வைத்து, உள்ளே வைக்கோலோ உமியோ திணித்துச் சுட்டால், வாயும் உள்பக்கமும் கறுத்து வெளிப்புறம் சிவந்துவிடும். இதைத்தான் கறுப்பு சிவப்புப் பானை என்கிறார்கள். இரண்டு முறை சுட்டார்கள் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு.

வேளார் ஐயாவிடம் சொல்லி நாங்களும் முயன்றோம். முதல் தடவை முழுதும் கறுப்பு. அடுத்த தடவை வாய்ப்பக்கம் அழகாகக் கறுத்து, அடியில் ஒரு பக்கம் மட்டும் சிவந்தது. காலையில் பார்த்த ஓட்டுத் துண்டை நினைத்துக்கொண்டேன். அதைச் செய்தவர் எங்களைவிடக் கெட்டிக்காரர்.

நான் இதுக்கு முன்னாடி மண்ணையே தொட்டதில்ல. மூணு மணி நேரத்துல பானை வருமா?

பானை வராது. அகல் வரும், சின்னக் கிண்ணம் வரும், பொறுமை இருந்தால் ஒரு கலயம். முதலில் மண் உருண்டையைச் சக்கரத்தின் நடுவில் நிற்க வைக்க வேண்டும். அது நிற்காது. இடது பக்கம் ஓடும், நீங்கள் பிடிப்பீர்கள், வலது பக்கம் ஓடும். ஐயா ஒற்றை உள்ளங்கையை மேலே வைப்பார், சட்டென்று நின்றுவிடும். அந்த நொடியில் எல்லோர் முகத்திலும் ஒரே மாதிரி எரிச்சல் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று பலருக்கும் தெரியாது. சமையல் பானை சக்கரத்தில் முழுதாக முடிவதில்லை. கழுத்தும் தோளும் சக்கரத்தில் வரும், நூலால் அறுத்து எடுக்கும்போது அடி திறந்தே இருக்கும். கொஞ்சம் காய்ந்தபின் உள்ளே ஒரு கல்லைக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவார்கள். தட்டுகிற சத்தம் மாறுவதை வைத்தே சுவர் எவ்வளவு மெல்லிசு என்று சொல்லிவிடுவார் ஐயாவின் வீட்டுக்கார அம்மா.

பொம்பளைங்க சக்கரத்துல உட்காரலாமா?

இந்த வீட்டில் தாராளமாக. முன்பு பல வேளார் வீடுகளில் மண் பிசைவதும் தட்டுவதும் பூசுவதும் பெண்கள், சக்கரம் ஆண்கள் என்று இருந்தது. ஆனால் நீலகிரிக்குப் போனால் கோத்தர்களிடம் இது தலைகீழ்: பானை வனைவது அங்கே பெண்கள் வேலை, ஆண்கள் கொல்லு வேலையும் தச்சும் பார்ப்பார்கள். ஆக எல்லாம் வழக்கம்தான்.

செஞ்சதை அன்னைக்கே எடுத்துட்டுப் போகணும், எங்களுக்கு ராத்திரி ட்ரெயின்.

பச்சையாக எடுத்துப் போகலாம், திண்டுக்கல் போவதற்குள் உடையும். சூளையில் வேக வேண்டுமானால் முதலில் நிழலில் ஒரு வாரமாவது காய வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் நீராவியாகி வெடிக்கும். ஒரு தடவை ஒரு விருந்தாளி கெஞ்சினார் என்று மூன்றே நாளில் அவர் கலயத்தைச் சூளையில் வைக்கச் சொன்னேன். ஐயா வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. அது வெடித்துப் பக்கத்தில் இருந்த பன்னிரண்டு குடங்களையும் கூட்டிக்கொண்டு போனது. பன்னிரண்டுக்கும் நான்தான் பணம் கொடுத்தேன். அதிலிருந்து அவசரம் என்ற சொல்லே அந்த வீட்டில் என் வாயிலிருந்து வருவதில்லை.

காய்ந்து, சுட்டு, கூரியரில் வைக்கோல் சுற்றி அனுப்ப மூன்று வாரம் வரை ஆகும். பொங்கலுக்கு முன்பும், கார்த்திகை விளக்குச் சமயத்திலும், அய்யனாருக்குக் குதிரை எடுக்கிற சீசனிலும் இன்னும் தாமதமாகும். குதிரை செய்யச் சொல்லி ஊர் பிடிமண் (ஒரு பிடி மண்) கொடுத்துவிட்டால் அவர்களுக்கு அதுதான் முதல் வேலை.

அதுல குழம்பு வைக்கலாமா?

உங்கள் முதல் கலயத்தில் வேண்டாம். சுவர் ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெல்லிசு, அடுப்பில் விரிசல் விடும். சமைக்க ஆசை என்றால் வீட்டுக்கார அம்மா தட்டிய சட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, அரிசி களைந்த தண்ணீரைச் சிறு தீயில் இரண்டு மூன்று தடவை கொதிக்கவைத்து, நல்லெண்ணெய் தடவிப் பழக்க வேண்டும்.

என் பேரை எழுதலாமா? பழைய பானைல எழுதின மாதிரி?

எழுதுங்கள், ஆனால் எப்போது எழுதுகிறீர்கள் என்பதைப் பாருங்கள். பச்சை மண்ணில் எழுதினால் கோட்டின் இரண்டு ஓரத்திலும் மண் மெத்தென்று மேலே ஒதுங்கும். சுட்டபின் ஆணியால் கீறினால் ஓரம் பொரிந்து, கோடு வெளிறித் தெரியும். பழைய ஓடுகளில் பெயர்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை. அதாவது எழுதியவர் வனைந்தவராக இருக்க வேண்டியதில்லை, வாங்கியவராக இருக்கலாம். நான் ஒரே அகலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியில் பச்சையிலும் மற்றதில் சுட்டபின்பும் எழுதி வைத்திருக்கிறேன். கேட்டால் காட்டுவேன்.

மழைல வரலாமா? யானை, காட்டுமாடு எல்லாம் உண்டாமே?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தப் பக்கம் நல்ல மழை. பாறை வழுக்கும், அட்டை ஏறும், சூளையும் எரியாது. ஜனவரி முதல் மார்ச் வரை வருவது நல்லது. காட்டுமாடும் யானையும் உண்டுதான். தோட்டக்காரர்கள் ‘இன்று அந்தப் பக்கம் வேண்டாம்’ என்றால் போகமாட்டோம், பணம் கொடுத்துவிட்டோமே என்று வாதாட வேண்டாம். கல்திட்டைகள் பல காபித் தோட்டங்களுக்கு நடுவே இருப்பதால் உரிமையாளர் அனுமதியும் வேண்டும். அதை நான் முன்பே வாங்கிவிடுவேன்.

கொடைக்கானல் ஊருக்குள்ளும் போகிற எண்ணம் இருந்தால் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வந்த நடைமுறை அது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கல்திட்டை கட்டினவங்க நம்ம முன்னோரா? பேகன் ஆளுங்களா?

பழனி மலைக்கும் வையாவிக் கோப்பெரும் பேகனுக்கும் உள்ள உறவு சங்கப் பாட்டில் இருக்கிறது, மயிலுக்குப் போர்வை தந்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்தக் கல்திட்டையிலும் அவர் பெயர் இல்லை. எந்தச் சாதியின் பெயரும் இல்லை. வருடத்துக்கு இரண்டு பேராவது ‘இது எங்க ஆளுங்க கட்டினது’ என்று சொல்வார்கள், ஒவ்வொருவரும் வேறு ஆள். நான் தலையாட்டிவிட்டு அடுத்த கல்லுக்கு நடப்பேன்.

சுட்டு வெச்ச பானையை வாங்க நான் வரவே இல்லைன்னா?

ஐயா வீட்டுத் திண்ணையில் அதற்கென்றே ஒரு பலகை இருக்கிறது. ஆறு மாதம் அதில் இருக்கும். அப்புறம் அம்மா எடுத்துக்கொள்வார். சென்னையிலிருந்து வந்த ஒருவர் செய்த கோணல் கிண்ணத்தில்தான் இப்போது அந்த வீட்டுக் கோழிகள் தண்ணீர் குடிக்கின்றன. அது எந்தப் பக்கம் வைத்தாலும் கவிழாது.